பழைய கிராமபோன் பெட்டிக்கு உப்புத்தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் விற்பனை விளம்பரங்களில் ‘புதுசு போல பாலிஷ் போட்டது’ என்ற வரி இப்போது தவறாமல் இடம்பிடிக்கிறது. எடிசன் போனோகிராஃபோ, விக்டர் மேசை கிராமபோனோ, எச்.எம்.வி. பெட்டியோ, எதுவானாலும் பளபளத்தால்தான் விலை என்று விற்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். வீட்டில் தாத்தா காலத்துப் பெட்டி வைத்திருப்பவர்களும் அதே நம்பிக்கையில் தெருமுனை பாலிஷ்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் தமக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்கிறார்: உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெலமைனோ பி.யு.வோ (பாலியூரித்தேன்), அதாவது இக்காலச் செயற்கைப் பூச்சு, அடித்துத் தருகிறார். மோட்டாருக்கு உதிரி கிடைக்கும், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸுக்கு ரப்பர் வளையம் கிடைக்கும், ஊசி கிடைக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் பூசிய பூச்சு போனால் போனதுதான். ஆகவே கை வைப்பதற்கு முன், மேலே இருப்பது என்ன பூச்சு என்று கண்டுபிடிக்கும் வழியையும், அதைக் காப்பாற்றும் வழியையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காலப் பெட்டிகளின் மேல் இருப்பது ஒரே பூச்சு என்று நினைக்கக் கூடாது. எடிசன் ஸ்டாண்டர்டு 1898-இல் வந்தது. விக்டர் கம்பெனி 1901-இல் தொடங்கியது. ஊதுகுழலைப் பெட்டிக்குள் மறைத்த விக்ட்ரோலா 1906-இல் வந்தது. இவற்றின் பெட்டிகள் பெரும்பாலும் ஓக் மரம், விலை கூடியவை மஹோகனி. விக்டரில் 4, 6 எண் கொண்ட மாடல்கள் மஹோகனிக்குப் பேர்போனவை. முதலில் மரத்துக்குச் சாயம், பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பட்டி, அதன் மேல் அவலரக்கு (ஷெல்லாக்), சிலவற்றில் அதற்கும் மேல் எண்ணெய் வார்னிஷ், கடைசியில் நுரைக்கல் தூளும் எண்ணெயும் வைத்துத் தேய்த்து மெருகு என்று படிப்படியாக ஏற்றினார்கள். அந்த அவலரக்கின் பெரும்பகுதி நம் நாட்டில் புரசிலும் இலந்தையிலும் வளர்ந்த அரக்குப் பூச்சி தந்தது. பெட்டியின் மேல் ஓடிய 78 சுற்று இசைத்தட்டிலும் அதே அரக்குதான் இருந்தது.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது நம் கடைகளில் என்.சி. என்று சொல்லும் சரக்கு, பிந்தி வந்தது. டூபான்ட் கம்பெனியின் டூகோ 1923-இல்தான் அறிமுகமானது. முதலில் கார்களுக்கு, பின்னர் மரச்சாமான்களுக்கு. இந்த ஓர் ஆண்டை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 1910-இல் செய்த பெட்டியின் மேல் என்.சி. லாக்கர் இருந்தால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். 1920-களின் பிற்பகுதிப் பெட்டியில் இருந்தால் அது அசலாகவே இருக்கலாம். அவசரப்பட்டுச் சுரண்டக் கூடாது.

திரவம் எதையும் தொடும் முன் கண்ணால் பாருங்கள். வெயில் படாத இடங்கள்தான் சாட்சி: சுழல்தட்டுக்கு அடியில், மூடியின் உட்புறத்தில், குழலைத் தாங்கும் பின்புற இரும்புக்குப் பின்னால். மஹோகனிச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் வெளியே பழுப்பாக இருக்கும் பெட்டி அங்கே நல்ல சிவப்பாக இருக்கும். அடுத்து ஓக் மரத்தின் நுண்துளைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசல் வேலையில் அவை பட்டியால் நிரம்பி, மேற்பரப்போடு சமமாக, கருமையாக இருக்கும். பெயின்ட் ரிமூவர் போட்டுக் கழுவிய பெட்டியில் பட்டியும் சேர்ந்து போயிருக்கும். துளைகள் பள்ளமாக, காலியாகத் தெரியும், விரல் நகத்தை ஓட்டினால் சொரசொரக்கும். இது ஏமாற்றாத அடையாளம். அடிச்சட்டத்தின் விளிம்புகள் மழுங்கியிருந்தாலும், மூலைகளில் வெளிறிய மரத்தூள் பூச்சுக்குள் சிக்கியிருந்தாலும், உப்புத்தாள் வந்து போயிருக்கிறது என்று பொருள்.

ஓக்கிலேயே இரண்டு நிறமுறைகள் உண்டு, குழப்பிக்கொண்டால் ஒட்டுவேலை தனியாகத் தெரியும். பொன்னிற ஓக்கில் சாயமும் கருமையான பட்டியும் நிறம் தருகின்றன. கால்வெட்டு ஓக்கில், அதாவது அடிமரத்தை நான்காகப் பிளந்து அறுத்த பலகையில், குறுக்கே ஓடும் பட்டைப் பட்டையான மின்னல் கோடுகள் சாயத்தை அவ்வளவாக உறிஞ்சாமல் வெளிறி நிற்கும். புகையூட்டிய ஓக்கில் சாயமே இல்லை. மரத்தை அமோனியா ஆவியில் அடைத்து வைத்து, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு அது வினைபுரிந்து உள்ளேயே கருக்கச் செய்த நிறம். அதில் லேசான கீறல் விழுந்தால் கீறலுக்குள்ளும் பழுப்புதான் தெரியும். சாயம் பூசியதில் வெள்ளை மரம் தெரியும். புகையூட்டியதன் அழகு மங்கல் மெருகு. அதைப் பளபளப்பாக்குவது அந்த மாடலையே மாற்றிவிடுவதற்குச் சமம்.

இனி திரவச் சோதனை. பெட்டியின் பின்புறம், அடிச்சட்டத்துக்குக் கீழே, பட்டாணி அளவு இடம் போதும். அந்த இடத்தை முதலில் மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். மேலே மெழுகு இருந்தால் அடுத்த சோதனைகள் பொய் சொல்லும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் (பாலிஷ் வேலைக்கு விற்கும் ஆல்கஹால்) தொட்டு அந்த இடத்தில் அரை நிமிடம் வையுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஆகும், கொஞ்சம் மெதுவாகக் கரைக்கும். பிசுபிசுத்துப் பஞ்சில் தேன் நிறம் ஏறினால் அவலரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால், பக்கத்து இடத்தில் என்.சி. தின்னர். இளகிக் கரைந்து வந்தால் லாக்கர். கரையாமல் தோல் சுருங்குவது போல் சுருங்கி எழும்பினால் எண்ணெய் வார்னிஷ். இரண்டுக்கும் அசையாமல் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் பி.யு.வோ மெலமைனோ, அதாவது நம் காலத்து வேலை. வரிசையை மாற்றாதீர்கள்: தின்னர் அவலரக்கையும் ஓரளவு இளக்கும் என்பதால் முதலிலேயே அதைத் தொட்டால் எது எது என்று பிரிக்க முடியாது. ஸ்பிரிட் பஞ்சில் தேன் நிறத்துக்குப் பதில் சிவப்பு ஏறினால், மஹோகனிச் சாயமும் ஸ்பிரிட்டில் கரைகிறது என்ற எச்சரிக்கை அது. அப்படிப்பட்ட பெட்டியில் பின்னர் செய்யும் ஒவ்வொரு ஸ்பிரிட் வேலையும் நிறத்தை இழுத்து வரும்.

தொடாமலே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய அவலரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ரூபாய் நோட்டு பார்க்க விற்கும் மலிவான டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர். அவற்றிலிருந்து வரும் ஊதா வெளிச்சமே ஆரஞ்சை மறைத்துவிடும். 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். முகப்பு முழுவதும் ஆரஞ்சாக ஒளிர்ந்து நடுவில் ஒரு கைப்பிடி அகலம் மட்டும் கருத்து நின்றால், அங்கே யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். தடித்த வார்னிஷுக்குக் கீழே அவலரக்கு இருந்தால் ஒளி வெளியே வராமலும் போகலாம். அதனால் இதைத் திரவச் சோதனையோடு சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

சந்தையில் ‘அசல் எச்.எம்.வி.’ என்று விற்கும் பித்தளைக் குழல் கிராமபோன்களில் பெரும்பாலானவை வடநாட்டில் அண்மைக் காலத்தில் சேர்த்துக் கட்டியவை. எண்கோணப் பெட்டி, மெல்லிய மின்னும் குழல், முகப்பில் ஆணி அடித்த நாய்ப் படத் தகடு, உள்ளே ஏதோ ஒரு பெட்டிக் கிராமபோனின் மோட்டார். பெட்டி மரம் ஓக்கோ மஹோகனியோ இருக்காது. சீசம் என்ற வடநாட்டு மரமோ மாமரமோ இருக்கும், மரம் தெரியாதபடி கருஞ்சாயம் போட்டு என்.சி. அடித்திருப்பார்கள். சுழல்தட்டைத் தூக்கி அடியில் பாருங்கள்: வெளியே இருக்கும் அதே நிறம், அதே பளபளப்பு, வெளுப்பில் எந்த வேறுபாடும் இல்லை என்றால் அந்தப் பெட்டி நூறு ஆண்டு வெயில் பார்க்கவில்லை.

அசல் பூச்சு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பத்தில் எட்டு பெட்டிக்குத் தேவைப்படுவது சுத்தம் மட்டுமே என்பது என் அனுபவக் கணிப்பு. கறுத்துப்போன பூச்சு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அடுப்புப் புகை, மெழுகு, கை எண்ணெய், தூசி. சாவியை முழுவதும் இறங்கவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்த பிறகே மோட்டாரைக் கழற்றுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விரலை எடுத்துவிடும். குழல், தாங்கி, மோட்டார் பலகை எல்லாவற்றையும் எடுத்து, திருகாணிகளை இடம் எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டிய பின், டர்பன்டைன் தொட்ட வெள்ளை பனியன் துணியால் ஒரு சாண் இடமாகத் துடையுங்கள். அதற்கும் போகாத அழுக்குக்கு, மெக்கானிக் கடைகளில் கிரீஸ் கை கழுவ வைத்திருக்கும் வெள்ளைப் பசை நன்றாக வேலை செய்யும். மணல் கலக்காத வகையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதில் எண்ணெய், தண்ணீர், சோப்பு மூன்றும் கலந்திருப்பதால் இருவகை அழுக்கையும் தூக்கிவிடும். தடவி ஓரிரு நிமிடத்தில் துடைத்து, டர்பன்டைன் துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். துணியைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். சாம்பல், கறுப்பு வந்தால் அழுக்கு. தேன் நிறத்தில் ஒட்டும் பசை வந்தால் பூச்சே வருகிறது, உடனே நிறுத்த வேண்டும். தண்ணீரை ஊற்றிக் கழுவுவது கூடவே கூடாது. அந்தப் பெட்டிகளின் பொருத்துகளும் வெனீரும் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) விலங்குப் பசையில் ஒட்டியவை; ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகிவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு கறைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஆயுத பூஜைக்கு முன் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போட்டுத் துடைப்பது. அது பூச்சின் நுண்வெடிப்புகளுக்குள் இறங்கி, காயாமல், தூசியைப் பிடித்துக் கருங்கோடாக நிற்கும். டர்பன்டைனைப் பலமுறை மாற்றி மாற்றித் துடைத்தால்தான் போகும். இன்னொன்று சந்தனம், குங்குமம், மஞ்சள். ஈரமாக இருக்கும்போது வைத்ததால் அந்த இடத்தில் அவலரக்கு வெளுத்திருக்கும், அதற்கு மேல் மஞ்சள் நிறம். காய்ந்த பொடியைத் தூரிகையால் உதிர்த்துவிடுங்கள். ஸ்பிரிட் போட்டு மஞ்சளை எடுக்கப் பார்த்தால் பூச்சும் சேர்ந்து வரும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கும். மற்ற இடங்களைக் காகிதத்தால் மூடி, கறைப்பட்ட இடத்தை மட்டும் நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் சில நாட்கள் வைத்தாலே பெரும்பாலும் மங்கிவிடும்.

எடிசன் பெயரெழுத்து, விக்டரின் நாய்ப் படம் போன்ற டிகால்கள், அதாவது ஒட்டுப்படங்கள்தான் முதலில் பலியாகின்றவை. முகப்பு முழுவதையும் ஒரே வீச்சில் ஸ்பிரிட் துணியால் துடைத்தால், தங்க எழுத்து துணிக்கு வந்துவிடும், பெட்டியில் நிழல் மட்டும் மிஞ்சும். டிகாலைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வேலையை நிறுத்துங்கள். டிகாலின் மேல் கைகழுவும் பசையும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். பஞ்சுக் குச்சியை எச்சிலில் தொட்டு, உருட்டி உருட்டி எடுப்பது அருங்காட்சியகக்காரர்களும் செய்வதுதான். எச்சிலிலுள்ள நொதிகள் அழுக்கை இளக்கும், பூச்சைத் தொடாது. பாதி அழிந்த அசல் டிகாலைச் சுரண்டிவிட்டுப் புதிய நகல் டிகால் ஒட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாதி இருந்தாலும் அதுதான் அந்தப் பெட்டியின் பிறப்புச் சான்று.

சுத்தம் செய்த பிறகும் பூச்சு வற்றிய ஏரிப் படுகையாக வெடித்துக் கிடந்தால், அவலரக்கைப் பொறுத்தவரை அதற்கு வைத்தியம் உண்டு: இருக்கும் பூச்சையே இளக்கித் திரும்பப் படிய வைப்பது. வேலை செய்யும் பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி பெட்டியைப் படுக்கப் போடுங்கள், இல்லையென்றால் வழிந்து கீழே கோடு கட்டும். அணில் முடித் தூரிகையில் ஸ்பிரிட்டைத் தொட்டு, மர ரேகையோடு ஒரே திசையில், ஒரே ஓட்டத்தில் இழுத்துவிட்டு விட வேண்டும். நனைந்த இடத்துக்கு உடனே திரும்பத் தூரிகையைக் கொண்டுபோனால், இளகிய அரக்கு தூரிகையில் ஒட்டிக் கிழியும். ஓர் இரவு காயவிட்டு, வெடிப்பு மூடவில்லை என்றால் மறுநாள் இன்னொரு ஓட்டம். அவலரக்கோடு லாக்கரும் கலந்த பூச்சானால் மூன்று பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு என்.சி. தின்னர். எண்ணெய் வார்னிஷுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. சுத்தம் செய்து மெழுகு போடுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இந்த வேலையைக் கெடுப்பதில் முதலிடம் ஈரக்காற்றுக்கு. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால் போர்த்தியது மாதிரி வெளுக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையிலும், கடலோர ஊர்களில் விடியற்காலையிலும் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஒரு சிறிய ஈரப்பத மானி வாங்கி வைத்து, 60 சதவீதத்துக்குக் கீழே வரும்போது செய்யுங்கள். வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். காய்ந்த நாளில், ஸ்பிரிட்டை ஏறக்குறைய காய்ந்துபோகும் அளவுக்குப் பிழிந்த துணியால் மேலோட்டமாக ஒருமுறை தடவினால் தெளிந்துவிடும். டம்ளர் வைத்த வெள்ளை வளையத்துக்கும் இதுவே மருந்து. வளையம் கறுப்பாக இருந்தால் ஈரம் மரம் வரை போய்விட்டது, மேலே என்ன செய்தாலும் போகாது. அதை எடுக்க ஆக்சாலிக் அமிலம் போட்டால் சுற்றியுள்ள அசல் நிறமும் வெளுக்கும். கறையோடு வாழப் பழகிக்கொள்வதுதான் சரி.

பூச்சு தேய்ந்து மெலிந்த இடங்களுக்குப் புதிய அவலரக்கை ஏற்றலாம், அசலின் மேல் அது கரைந்து ஒன்றாகிவிடும். மெழுகு நீக்கிய அவலரக்குத் தகடு 30 கிராமை 250 மில்லி ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி எடுங்கள். துணிப்பொட்டலத்தால் ஏற்ற இந்த நீர்ப்பதம்தான் வேண்டும். பொன்னிற ஓக்குக்கு ஆரஞ்சுத் தகடு, பழுத்த மஹோகனிக்குக் கார்னெட் தகடு. தகடு பழசாக இருந்தால் முழுவதும் கரையாது. நம் ஊர் வெயிலில் கடையிலேயே கட்டிப்பட்டுப்போன தகடும் அப்படித்தான், அடியில் கோந்து மாதிரி நிற்கும்; அதைப் பயன்படுத்தவே கூடாது. கரைத்த கலவையையும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அந்தப் பாட்டில் இனி எப்போதும் இறுகாது.

கம்பளித் துணியை உருட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியில் சுற்றினால் பொட்டலம் தயார். அதன் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு ஆளி எண்ணெய், ஒட்டாமல் வழுக்குவதற்கு. ஓடிக்கொண்டே பரப்பில் இறங்க வேண்டும், ஓடிக்கொண்டே வெளியேற வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் பூச்சு பிய்ந்து பொட்டலத்தோடு வந்துவிடும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஓய்வு. ஒரு வாரம் கழித்து, மெருகு அதிகமானால் மெழுகோடு மென்மையான செயற்கை நார்ப்பட்டையால் தணிக்கலாம். ஓக் மரத்தில் ஸ்டீல் உல் தொடவே வேண்டாம்: அதன் துகள் துளைகளில் தங்கி, பிறகு கொஞ்சம் ஈரம் பட்டால் டானினோடு சேர்ந்து கருப்புப் புள்ளிகளாகிவிடும். ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் நெருப்பும் வேண்டாம், மூடிய அறையும் வேண்டாம். ஆளி எண்ணெய் தொட்ட துணியை உருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருண்டு கிடந்தால் தானே தீப்பிடிக்கும்.

ஏற்கெனவே பி.யு. அடித்துவிட்ட பெட்டி கையில் இருந்தாலும் கைவிட வேண்டாம். அவசரக்கார பாலிஷ்காரர்கள் சிலர் பழைய பூச்சை எடுக்காமலே மேலே அடித்திருப்பார்கள். மெழுகுள்ள அவலரக்கின் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காது, விளிம்பில் எங்காவது தோல் தூக்கியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்ல நெம்பிப் பாருங்கள், கீழே அசல் பூச்சு உயிரோடு கிடைப்பதும் உண்டு. மரம் வரை போயிருந்தால் மட்டுமே முதலிலிருந்து கட்ட வேண்டும்: சாயம், லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் நீர்த்த அவலரக்கு ஒரு கை (ஒருமுறை பூசுவது), கரும்பழுப்பு எண்ணெய்ப் பட்டியை ரேகைக்குக் குறுக்கே சாக்குத் துணியால் அழுத்தித் தேய்த்து, மங்கியதும் குறுக்கேயே துடைத்து, நல்ல வெயில் காலத்தில் மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம் காயவிட்டு, அதன் மேல் அவலரக்கு மூன்று நான்கு கை. பட்டி காய்வதற்குள் மேலே பூசினால் துளைகள் சாம்பல் பூத்து நிற்கும். மஹோகனி வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால் மின் தேய்ப்பான் அதன் பக்கமே வரக் கூடாது.

வேலை முடிந்ததும், எந்த இடத்தில் என்ன பூசினீர்கள், எந்தத் தேதி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மோட்டார் பலகைக்கு அடியில் வைத்து மூடுங்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் மறுபடியும் பஞ்சுக் குச்சியோடு தேடத் தேவையிருக்காது.

இப்படிக்கு,
கிராமபோன் சேகரிப்பாளர் ஒருவர்,
மதுரை